ஏலத்துக்குப் போன சின்னப் பாய்

எங்கள் வீட்டில் அந்தப் பண்டிகையைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பா ஒரு விதமாகச் சொல்வார், அம்மா வேறு விதமாகச் சொல்வாள். நான் பார்த்தது இரண்டிலும் சேராது. ஆனாலும் மூவருக்கும் பொதுவான சில விஷயங்கள் உண்டு. அது பாளையங்கோட்டையில் ஆடி மாதத்தையொட்டி, விளைச்சலுக்குக் கர்த்தருக்கு நன்றி சொல்ல நடக்கும் ஸ்தோத்திரப் பண்டிகை. ஐரோப்பாவில் யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முந்தி. பிசான நெல் நன்றாக விளைந்திருந்ததால் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். எவ்வளவு அதிகம் என்று அன்று யாரும் எண்ணவில்லை. பிற்காலத்தில் பத்திரிகைக்குக் கூட்டங்களைப் பற்றி எழுத நேர்ந்தபோது, எண்ணாத கூட்டத்துக்கு எண்ணிக்கை போடுவதில்லை என்று ஒரு பழக்கம் வைத்திருந்தேன். இங்கேயும் அப்படியே விடுகிறேன்.

அப்பா அம்பாசமுத்திரத்துக்கு அருகே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எனக்கு மூத்தவள் ஒரே அக்கா. அவளைக் கிழக்கே, செம்மணல் மேடான தேரிக்காட்டை ஒட்டிய பனங்காட்டு ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தானும் வாத்தியார்தான். முதல் பேறுகாலத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கமாதலால் அப்பா வில்வண்டி ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டு போனார். அத்தான் அனுப்பவில்லை. இந்த உடம்போடு அவ்வளவு தூரம் வண்டியில் குலுங்கக் கூடாது, பக்கத்து ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, பேறுகாலம் இங்கேயே ஆகட்டும் என்று சொல்லிவிட்டார். அதில் தவறில்லை என்று இப்போது தோன்றுகிறது. வண்டி கட்டிக்கொண்டு போன மனிதருக்கு அன்று அப்படித் தோன்றவில்லை. வைத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் காலி வண்டியோடு திரும்பி வந்தார்.

"இனிமே அந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்றார்.

அவர் மிதிக்காத வாசலை அம்மா மிதிக்க முடியாது. அத்தானும் தம் பங்குக்கு முறுக்கிக்கொண்டு மாமனார் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. பையன் பிறந்தான். ஞானஸ்நானம் ஆயிற்று. குப்புற விழுந்தான், தவழ்ந்தான், நின்றான். எல்லாம் எங்களுக்குச் செய்தியாகவே வந்தன.

செய்தியைக் கொண்டுவந்தவர் அந்தப் பக்கத்திலிருந்து கருப்பட்டியைச் சிப்பம் சிப்பமாகக் கட்டி வண்டியில் ஏற்றி வந்து விற்கும் வியாபாரி. அவர் தராசை எடுக்குமுன்பே அம்மா ஆரம்பித்துவிடுவாள்.

"பிள்ள எப்படி இருக்கான் அண்ணாச்சி?"

"அவனுக்கு என்ன கொறச்சல்? கருப்பட்டிச் சிப்பத்து மேல ஏறி உக்காந்துகிட்டு எறங்க மாட்டேங்கான்."

"நெறம் யாரு மாதிரி?"

"நெறத்த எங்கன பாக்க? மேலெல்லாம் செம்மண்ணுல்லா."

"மூக்காவது பாத்தியளா?"

"தாயி, நான் கருப்பட்டி விக்க வந்தேனா, மூக்குப் பாக்க வந்தேனா?"

அந்த வருஷம் ஆனி மாதக் கடைசியில் வந்தபோது அவரே முந்திக்கொண்டு சொன்னார்: "இந்தத் தடவ பண்டிகைக்கு வாராவளாம். பிள்ளையும் வாரான். ஒங்ககிட்டச் சொல்லச் சொல்லி மக சொல்லிவிட்டா."

அம்மா இதை அப்பாவிடம் நேராகச் சொல்லவில்லை. அவர் காதில் விழும்படி என்னிடம் சொன்னாள். அப்பா நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல், "பண்டிகைக்குப் போறத யாரு வேண்டாம்னா?" என்றார். பண்டிகை நடக்கும் பெரிய கோயில் வளாகம் அவருடைய வாசலும் இல்லை, மருமகன் வாசலும் இல்லை. இரண்டு பேருடைய வைராக்கியத்துக்கும் பங்கம் வராமல் அம்மா பேரனைப் பார்க்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.

பேரனுக்கென்று அம்மா ஒரு பாய் சொல்லி வைத்திருந்தாள். பட்டமடையில் கோரைப்பாய் நெய்யும் ராவுத்தர் வீட்டு அம்மாள் ஒருத்தி அவளுக்குப் பழக்கம். சின்னப் பிள்ளை படுக்கும் அளவுக்குப் பாய் என்று அம்மா கையால் நீளம் காட்டியபோது அந்த அம்மாள், "அளவு சொல்லாத. நீ போய்க் குடுக்கதுக்குள்ள வளந்துருவான். ரெண்டு சாண் கூட்டியே போடுதேன்" என்றாள். துணி போல மடிகிற மெல்லிய பாய். இரண்டு ஓரத்திலும் சிவப்புக் கரை. அதைச் சுருட்டி, அக்கா சிறு வயதில் கட்டிக் கிழிந்த பச்சைப் பாவாடைத் துண்டு ஒன்றில் பொதிந்து அம்மா எடுத்துக்கொண்டாள்.

காலை ரயிலில் திருநெல்வேலி வந்து இறங்கி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடந்தோம். மேற்கே மழை பெய்திருந்ததால் ஆறு கலங்கலாக, கரை தொட்டுப் போயிற்று. பாலத்திலேயே கூட்டம் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு சேகரத்து ஜனமும் தங்கள் கொடியை முன்னால் பிடித்து, பிடிலும் மிருதங்கமும் வைத்துக் கீர்த்தனை பாடிக்கொண்டு வந்தார்கள். சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள ஊர்களின் தொகுப்பு. எங்கள் அம்பாசமுத்திரம் சேகரம் வளாகத்து வாசலை நெருங்கியபோது கிழக்கேயிருந்து இன்னொரு சேகரம் வேறு ராகத்தில் வேறு பாட்டோடு வந்து இடித்தது. இரண்டு பாட்டும் நிற்கவில்லை. வாசல் ஒன்றுதான். பின்னால் வருகிறவர்கள் தள்ள, முன்னால் போகிறவர்கள் நிற்க, நடுவில் இருந்தவர்கள் தரையில் கால் பாவாமல் உள்ளே போனார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

அந்த நெருக்கத்தில் பாய் நசுங்கிவிடும் என்று அம்மா அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள். அதுதான் தப்பு. அந்த வாசலில் தலைக்கு மேல் தூக்கிய பொருள் காணிக்கை. பூசணிக்காய், வாழைத்தார், காலைக் கட்டிய சேவல், கருப்பட்டி வைத்த ஓலைக் கொட்டான், புதுநெல் நார்ப்பெட்டி என்று முதற்பலனாகக் கொண்டுவந்தவற்றையெல்லாம் ஜனங்கள் அப்படித்தான் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மதில்மேல் வரிசையாக நின்ற வாலிபர்கள் குனிந்து வாங்கி, கைக்குக் கை மாற்றிக் காணிக்கைப் பந்தலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கையிலிருந்து பாயும் போயிற்று.

"ஏ தம்பி, அது காணிக்கை இல்ல!"

"தோத்திரம்மா, தோத்திரம்!" என்று அவன் பதிலுக்குச் சந்தோஷமாகச் சொன்னான். பாய் அவனைத் தாண்டி நாலாவது கைக்குப் போயிருந்தது.

உள்ளே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவே கயிறு. பிரியுமுன் அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். எல்லோர் முன்னிலையிலும் அவள் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"போய் வாங்கிட்டு வாங்க."

"கோயிலுக்குப் போனத எப்படித் திருப்பிக் கேக்க?"

"நான் கோயிலுக்குக் குடுக்கல. புடுங்கிட்டுப் போறான்."

"சத்தம் போடாத. ஏலத்துல எடுத்துத் தாரேன்."

அதுதான் வழி. காணிக்கைப் பொருள்களை மத்தியானத்துக்கு மேல் ஏலம் விடுவார்கள். கொடுத்தவனே விரும்பினாலும் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். பந்தலில் போய், தப்பாக வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் கொடுத்திருப்பார்கள் என்று அம்மா பின்னாளில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அப்பா ஊருக்கெல்லாம் ஒழுங்கு சொல்லிக்கொடுக்கிறவர். அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வராது.

பெண்கள் பக்கம் நானும் அம்மாவும் முழங்காலும் முதுகும் ஒட்ட உட்கார்ந்திருந்தோம். கிழக்குச் சேகரங்களுக்கு இடம் கோடியில், ஒரு புளியமரத்தை ஒட்டி. அதற்கு அப்பால் அவர்களுடைய மாட்டு வண்டிகள். எங்களுக்கும் அந்த மரத்துக்கும் இடையே தெரிந்ததெல்லாம் வெள்ளை முக்காடுகள். அம்மா பிரசங்கத்தைக் கேட்கவில்லை. ஒவ்வொரு முக்காடாகப் பார்த்துக்கொண்டே போனாள். எங்கேயாவது குழந்தை அழுதால் அந்தப் பக்கம் திரும்பினாள். அன்று குழந்தைகள் அழாத இடமே இல்லை. இரண்டு முறை எழுந்திருக்கப் பார்த்தாள். "எழும்பாதிங்க, ஜெபம் நடக்கு" என்று முன்னால் இருந்தவர்கள் சேலையைப் பிடித்து உட்கார்த்திவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் ஏலம். ஆண்கள் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு அதன்மேல் ஓர் உபதேசியார் ஏறினார். எங்களுக்கு அவர் தலையும் கையில் தூக்கிய பொருளும் மட்டும் தெரிந்தன. மற்றதெல்லாம் குரல்தான். பூசணி போயிற்று. சேவல்கள் போயின. வெகு நேரம் கழித்து அவர் பச்சைத் துணியை உதறிப் பாயை விரித்துக் காட்டினார்.

"பாத்துக்கிடுங்க, பட்டமடைப் பாய்! வாத்தியார் படுத்தா காலு வெளிய கெடக்கும். பிள்ள படுத்தா மகாராசா!"

முதல் விலையை அப்பா சொன்னார். அவர் குரலை எங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தி ஓரம் கிழிந்த குரல். கிழக்கே, மரத்துப் பக்கத்திலிருந்து வேறொருவர் அதற்கு மேல் கேட்டார். அப்பா ஏற்றினார். கிழக்கும் ஏற்றியது. பாய்க்கு உள்ள விலை தாண்டிவிட்டது என்று எங்களைச் சுற்றியிருந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"மேக்க ஒருத்தர், கெழக்க ஒருத்தர்!" என்று உபதேசியார் கையைத் தட்டினார். "இந்தப் பாயில ரெண்டு பேரு படுக்க முடியாதுவே!"

கூட்டம் சிரித்தது. அப்பாவின் பக்கத்திலிருந்து யாரோ, "விட்டுராதீரும் வாத்தியாரே, மேக்கத்தியான் மானம் போயிரும்!" என்று கத்தினார். அதற்குக் கிழக்கேயிருந்து, "ஆத்தங்கரக்காரனுக்குப் பாய் எதுக்குவே? மணல்ல படுக்கச் சொல்லும்!" என்று பதில் வந்தது. பாய் மறந்துபோய் மேற்கும் கிழக்கும் வீம்புக்கு நின்றன. அப்பா மறுபடி ஏற்றினார். கிழக்குக் குரல் மறுபடி மேலே போயிற்று. அது விலையைச் சொல்லி முடிக்கும்போது கடைசி எழுத்தைப் பாட்டு போலக் கொஞ்சம் இழுத்தது.

அம்மாவின் விரல்கள் என் தோளில் பதிந்தன. "ஒங்க அத்தாம்லா" என்றாள்.

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. கல்யாணத்தில் கீர்த்தனை பாடியபோதும் அத்தான் அப்படித்தான் இழுப்பார்.

மேற்கே விலை ஏறவில்லை. உபதேசியார் கையைப் புருவத்தில் வைத்து எங்கள் பக்கத்து ஆண்களைப் பார்த்தார். "மேக்க என்ன ஆச்சு? பாய் வாறதுக்கு முன்னாலயே தூங்கிட்டாரா? ஒரு தரம்... ரெண்டு தரம்..."

 மூன்றாம் தரமும் சொன்னதும் பாய் கிழக்கே தலைகளுக்கு மேலாகப் போயிற்று. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். இந்த முறை யார் இழுத்தும் உட்காரவில்லை. புளியமரத்தைப் பார்த்து, "ஏட்டி, மூத்தவளே!" என்று கூப்பிட்டாள். எத்தனையோ முக்காடுகள் திரும்பின. எல்லார் வீட்டிலும் ஒரு மூத்தவள் உண்டு. நாலு வரிசைக்கு முன்னால் இருந்த ஒருத்தி, "நானும் மூத்தவதான், என்ன வேணும் சொல்லுங்க" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

அதற்குள் அசனத்துக்கு மணி அடித்துவிட்டது. அசனம் என்பது பண்டிகைச் சாப்பாடு. பாய்களில் மலை போல் சோற்றைக் கொட்டி, அண்டாக்களில் ஆட்டுக்கறிக் குழம்பை வைத்து, சேகரம் சேகரமாகப் பந்தியில் உட்கார்த்திப் போடுவார்கள். மணி அடித்ததும் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்தது. கயிறு அறுந்தது. ஆண் பக்கம், பெண் பக்கம் என்பது போயிற்று. அப்பா எப்படியோ எங்களிடம் வந்து சேர்ந்தார். தலைப்பாகை தோளில் கிடந்தது.

"யாரு எடுத்தா?" என்றாள் அம்மா. தெரிந்தே கேட்டாள்.

"எடுக்க வேண்டியவங்கதான் எடுத்துருக்காங்க."

"பாத்தியளா?"

"கூட்டத்துல எங்கன பாக்க? குரலக் கேட்டேன்."

"கூப்பிட்டியளா?"

அப்பா தோளில் கிடந்த தலைப்பாகையை எடுத்துத் தலையில் சுற்றினார். "சரி, வா. போய்ப் பாப்போம்" என்றார். அந்த வார்த்தைக்காக அம்மா ஒன்றரை வருஷத்துக்கு மேல் காத்திருந்தாள்.

பந்திக்கு எதிராக நடந்தோம். எல்லோரும் சோற்றை நோக்கி வர, நாங்கள் மூன்று பேர் மட்டும் மறுபக்கம் போனோம். "பந்தி அங்கன இல்ல, இங்கன" என்று பல பேர் நல்லெண்ணத்தோடு எங்களைத் திருப்பிவிடப் பார்த்தார்கள். கறிவாளி தூக்கி வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியதில் வந்த தூரம் பாதி திரும்பிப் போயிற்று. ஒருவழியாகப் புளியமரத்தடிக்கு வந்தோம். அக்கா இல்லை. வண்டியில் மாடு பூட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அப்பா அத்தானின் ஊரைச் சொல்லி விசாரித்தார்.

"அந்த வாத்தியாரா? புருசனும் பொஞ்சாதியும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஒங்க பக்கந்தான போனாவ! மேக்க கொடி எங்கன இருக்குன்னு எங்கிட்டத்தான் கேட்டாவ."

"எந்த வழியாப் போனாவ?"

"கோயிலச் சுத்திப் போயிருப்பாவ. நடுவுல எறங்கினா வர முடியுமா?"

நாங்கள் நடுவில் இறங்கி வந்திருந்தோம்.

திரும்பிப் போவோம் என்றார் அப்பா. இங்கேயே இருப்போம், வண்டிக்கு எப்படியும் வந்துதானே ஆக வேண்டும் என்றாள் அம்மா. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அங்கேயே நின்றோம். ஆனால் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. சாரல் விழுந்தது. கிழக்கத்தி வண்டிகள் ஒவ்வொன்றாக, சாப்பிட்டவர்களை ஏற்றிக்கொண்டும், சாப்பிடாதவர்கள் தூக்குச்சட்டியில் வாங்கி வந்த சோற்றோடும் கிளம்பின. ரயிலுக்கு நேரமாகிறது என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார். அம்மா காதில் வாங்கவில்லை. இரண்டாவது முறை சொன்னதும் நடந்தாள். இந்த முறை கோயிலைச் சுற்றிப் போனோம்.

எங்கள் கொடியடியில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி எதிரே ஓடி வந்தாள். "எங்க போனிய? ஒங்க மக வந்து இவ்வளவு நேரம் நின்னுச்சே! பிள்ள அழுதான்னு இப்பந்தான் போகுது, அந்தா!"

அவள் கையைக் காட்டிய பக்கம், நாங்கள் விட்டு வந்த நடுவழியில், கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. தலைகளுக்கு மேலே, ஓர் ஆணின் தோளில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. வெள்ளைச் சட்டை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. நாங்கள் பார்த்தது பிடரியை. அம்மா ஓடினாள். ஓடினாள் என்று சொல்கிறேனே தவிர, இரண்டு மூன்று வரிசை ஆட்களைத் தாண்டியிருக்க மாட்டாள். குழந்தையின் தலை சின்னதாகி, ஒரு கொடிக்குப் பின்னால் போய், திரும்ப வரவில்லை. மறுபடி புளியமரத்துக்குப் போய் வர ரயிலுக்கு நேரம் இல்லை.

அது அவன்தான் என்பது அம்மாவின் கட்சி. அப்பா, அந்தப் பிள்ளைக்கு மூன்று வயதாவது இருக்கும், வேறு யார் பிள்ளையோ என்பார். நான் கண்டதைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நேரத்தில் அந்தக் கூட்டத்தில் தோளில் ஏறிய குழந்தைகள் இன்னும் சில இருந்தன. அம்மா ஒன்றைத்தான் பார்த்தாள்.

மறுமாதம் கருப்பட்டி வியாபாரி வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. அத்தானுக்கு இலங்கையில் கண்டிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, மூன்று பேரும் தூத்துக்குடியில் கப்பலேறிவிட்டார்கள். பண்டிகைக்கு வந்ததே சொல்லிக்கொண்டு போகத்தான். பிறகு யுத்தம் வந்தது. அது முடிந்து அக்கா ஊருக்கு வந்தபோது பையன் என் தோள் உயரம் இருந்தான். கூச்சத்தோடு நின்று "ஆச்சி" என்றான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டாள், விதவிதமாகச் செய்துபோட்டாள், எல்லாம் செய்தாள். ஆனால் அவள் பார்க்க ஏங்கியது சிப்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்ற ஒரு குழந்தையை. அப்படி ஒரு குழந்தை அதற்குள் உலகத்தில் இல்லாமல் போயிருந்தது.

அவர்கள் கப்பலேறியதற்கு அடுத்த வருஷமும் பண்டிகைக்குப் போனோம். அசனத்துக்கு மணி அடித்ததும் அப்பாவைக் காணோம். எங்கள் பந்தியில் அவர் இலை காலியாகக் கிடந்தது. கிழக்குப் பந்தியில் அத்தானின் தகப்பனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று பரிமாறியவர்கள் வந்து சொன்னார்கள். நெடுநேரம் கழித்துத்தான் வந்தார். திரும்புகிற ரயிலில், பேட்டை தாண்டியதும், தாமாகவே சொல்லத் தொடங்கினார். போன வருஷம் பச்சைத் துணியைக் கண்டதும் மகள் கயிற்றருகே போய், அந்தப் பக்கம் நின்ற புருஷனைப் பிடித்துத் தள்ளினாளாம், என்ன விலையானாலும் எடுங்கள் என்று. எதிர்த்துக் கேட்டது யாரென்று மருமகனுக்குக் கடைசிவரை தெரியாதாம். மேற்கத்தி வாத்தியார் ஒருவர் வீம்புக்கு ஏற்றுகிறார் என்று நினைத்தாராம். கடுதாசி வருகிறதாம். அங்கே குளிராம். பையன் பேச ஆரம்பித்துவிட்டானாம்.

"என்ன பேசுதானாம்?" என்றாள் அம்மா.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். "அது கேக்கலையே."

சேரன்மகாதேவியில் ரயில் நின்று, ஆட்கள் இறங்கி, வேறு ஆட்கள் ஏறினார்கள். வயல்களில் கார் நெற்பயிர் பச்சை பிடித்திருந்தது. ரயில் மறுபடி நகர்ந்து வெகு தூரம் வந்த பிறகு அம்மா, எங்கள் இருவரையும் பார்க்காமல், சொன்னாள்:

"கேட்டிருக்கணும்லா."